கொத்துக்கறிக்கு எத்தனை பெயர்!

ஆங்கிலேயர் தம் சமையலறையில் கொத்துக்கறிக்கு இட்டு வழங்கும் பெயர்களைப் பற்றிச் சிறிது எழுதவேண்டும் என்று நெடுநாள்களாக எண்ணி வந்தோம். ஆன்மச் சிந்தனைக்கென அமைந்த ஏட்டில் அடுப்படிப் பேச்சு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். வினவட்டும். மகனையும் மகளையும் காண நம் பங்குகளிலிருந்து இங்கிலாந்துக்குச் செல்லும் முதியோர் இன்று பலர். அவர்கள்முன் ஒரு நாள் ஒரு தட்டு வைக்கப்படும். மேலே பொன்னிறமாகச் சிவந்த உருளைக்கிழங்கு மசியல். அடியிலே பழுப்பு நிறத்தில் கொத்திய இறைச்சி. அது எந்த விலங்கின் இறைச்சி என்பதைக் கண்ணால் அறிய இயலாது. மிளகும் குழம்பும் சேர்ந்தபின் நாவாலும் உறுதியாக அறிய இயலாது. எஞ்சியிருப்பது அதன் பெயர் ஒன்றே. அந்தப் பெயரை எவ்வளவு நம்பலாம் என்பதே இங்கு நாம் எழுப்பும் வினா.

2012ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம் தென் இங்கிலாந்தின் சிறு நகரம் ஒன்றில், ஒரு பங்கில் உதவிக் குருவாகத் தங்கியிருந்தோம். அந்நகரிலும் சுற்றுப்புறங்களிலும் வாழும் தமிழ் இறைமக்களுக்கு மாதம் இருமுறை தமிழில் திருப்பலி நிறைவேற்றுவதும் நமது பொறுப்பாயிருந்தது. அவர்களுள் பெரும்பாலோர் ஈழத்தவர். பங்கு இல்லத்தில் சமையலைக் கவனித்தவர் அயர்லாந்தில் பிறந்த ஓர் அம்மையார், எழுபதைக் கடந்தவர். திங்கட்கிழமைதோறும் அவர் ஒரே உணவைத்தான் ஆக்குவார். ஞாயிறு நண்பகலுக்கென வாட்டிய இறைச்சியில் மிஞ்சியதை மறுநாள் கையால் சுழற்றும் இரும்புப் பொறியில் இட்டு அரைப்பார். வெங்காயமும் கேரட்டும் சேர்த்து வேகவைத்து, கிழங்கு மசியலை மேலே பரப்பி, முட்கரண்டியால் வரிவரியாகக் கீறி, சூட்டடுப்பில் வைத்துச் சிவக்க எடுப்பார். மிஞ்சியது ஆடானாலும் மாடானாலும் அவருக்கு அது 'ஷெப்பர்ட்ஸ் பை'தான். பங்குத்தந்தையோ இலண்டனில் பிறந்து வளர்ந்தவர். மாட்டிறைச்சியானால் அதன் பெயர் 'காட்டேஜ் பை' என்று வாரந்தோறும் திருத்துவார். அம்மையார் கேளாதவர்போல் பாத்திரத்தை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே சென்றுவிடுவார். நாம் அங்கிருந்த ஓராண்டில் அந்த வழக்குக்குத் தீர்ப்பு கிடைக்கவில்லை.

முதலில் 'பை' என்ற சொல்லைப் பார்ப்போம். தமிழ்ப் பை அன்று. ஆயினும் பொருளில் அதற்கு அண்மையில் நிற்பதே. மாவைத் தேய்த்துப் பை போலாக்கி, உள்ளே இறைச்சியோ பழமோ வைத்து மூடிச் சுட்டால் அது ஆங்கிலேயருக்குப் பை. நாம் மேலே கூறிய உணவிலோ மாவே கிடையாது. ஆக, பெயரின் பின்பாதி தொடக்கத்திலேயே பொய்த்துப்போகிறது. முன்பாதியாகிய 'ஷெப்பர்ட்' என்பது ஆட்டு மந்தையை மேய்க்கும் ஆயரைக் குறிக்கும். நம் கத்தோலிக்க வழக்கில் ஆயர் என்றால் மறைமாவட்டத்தின் தலைவர் என்பதால், இப்பெயரை மொழிபெயர்க்கும் முயற்சியில் நாம் இறங்கப்போவதில்லை.

ஆயர் ஆடு மேய்ப்பவர். எனவே ஆட்டிறைச்சி இருந்தால் 'ஷெப்பர்ட்ஸ் பை', மாட்டிறைச்சி இருந்தால் 'காட்டேஜ் பை' என்று இன்றைய ஆங்கிலேயர் பலர் இலக்கணம் வகுத்துக் கூறுவர். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. வரலாற்றைத் திருப்பினால் அவ்வளவு நியாயமாக இல்லை. இரண்டனுள் மூத்தது 'காட்டேஜ் பை' என்னும் பெயரே. நார்ஃபோக் பகுதியில் வாழ்ந்த ஜேம்ஸ் உட்ஃபோர்டு என்னும் ஆங்கிலிக்கன் குரு, தாம் நாள்தோறும் உண்டதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதி வைத்தவர், 1791ஆம் ஆண்டிலேயே இவ்வுணவைக் குறிப்பிடுகிறார். (குருக்களுடைய நாட்குறிப்பில் உணவுக்கு இவ்வளவு இடமா என்று எண்ணத் தோன்றும், ஆயினும் அவர் எழுதியதால் நமக்கு இன்று ஒரு சான்று கிடைத்தது.) காட்டேஜ் என்பது ஏழை உழவரின் சிறு வீடு. உருளைக்கிழங்கு மலிவான உணவாகப் பரவிய காலத்தில், மாவுக்குப் பதிலாகக் கிழங்கை மூடியாக்கிய வீடுகளின் நினைவு அப்பெயரில் இருக்கிறது. 'ஷெப்பர்ட்ஸ் பை' என்ற பெயர் அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்தே, 19ஆம் நூற்றாண்டின் நடுவில், எடின்பரோவில் வெளியான ஒரு சமையல் நூலில் தலைகாட்டுகிறது. அந்நூல் ஆட்டிறைச்சிதான் வேண்டும் என்று கூறவில்லை. சமைத்த இறைச்சி எதுவாயினும் ஆகலாம் என்கிறது. ஆடு வேறு, மாடு வேறு என்ற இலக்கணம் பின்னர் வந்தது. அதுவும் இங்கிலாந்தோடு நின்றுவிட்டது. அயர்லாந்திலும் அமெரிக்காவிலும் மாட்டிறைச்சியால் ஆக்கியதையும் 'ஷெப்பர்ட்ஸ் பை' என்றே தயங்காது அழைக்கின்றனர். ஆகவே வரலாறு அம்மையாரின் பக்கமே நிற்கிறது. இதனை நாம் பங்குத்தந்தையிடம் கூறவில்லை. அவருடைய விருந்தினராய் அல்லவா இருந்தோம்!

பிரெஞ்சுக்காரர் இதே உணவுக்கு 'ஆஷி பார்மென்தியே' என்று பெயரிட்டுள்ளனர். பார்மென்தியே (1737–1813) உருளைக்கிழங்கை உண்ணும்படி பிரெஞ்சு மக்களைப் பழக்கிய அறிஞர். 'ஆஷி' என்றால் கொத்தியது. கொத்தியதும் கிழங்கும் என்பதோடு பெயர் நின்றுவிடுகிறது. விலங்கைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை, சொல்லாததால் ஏமாற்றுவதுமில்லை.

இனி 'மின்ஸ்' என்னும் சொல். குருமடத்தில் நாம் கற்ற சிறிதளவு இலத்தீன் இவ்விடத்தில் உதவுகிறது. சிறுமை என்று பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. சிறிது சிறிதாக நறுக்குவது என்பது பொருள். ஒரு மணி நேரத்தின் சிறு கூறாகிய 'மினிட்' என்பதற்கும் வேர் அதுவே. கோவில் காணிக்கைப் பெட்டியில் ஏழைக் கைம்பெண் இட்ட இரு சிறு காசுகளையும் இலத்தீன் விவிலியம் 'மினூத்தா' என்றே அழைக்கிறது. அவ்வளவு புனிதமான உறவினர் இருந்தும் இச்சொல் ஆங்கிலச் சமையலறையில் செய்யும் குறும்பு கொஞ்சமன்று. பிரிட்டனில் 'மின்ஸ்' என்று வாளா கூறினால் அது கொத்திய மாட்டிறைச்சி. ஆட்டிறைச்சியானால் விலங்கின் பெயரை முன்னே சேர்த்துச் சொல்வர். மாட்டுக்கு மட்டும் முன்னொட்டு வேண்டுவதில்லை. அது சொல்லாமலே விளங்கும் என்பது அவர்கள் எண்ணம். அமெரிக்கரோ 'மின்ஸ்' என்று பெரும்பாலும் சொல்வதே இல்லை. அரைத்த மாட்டிறைச்சி என்று நேராகச் சொல்லிவிடுகின்றனர்.

'மின்ஸ்' இறைச்சி என்றால், 'மின்ஸ்மீட்' இன்னும் உறுதியாக இறைச்சியாகத்தானே இருக்கவேண்டும்? அதில்தான் இறைச்சி இல்லை! உலர்ந்த திராட்சை, ஆப்பிள், எலுமிச்சைத் தோல், சர்க்கரை, சாதிக்காய், சிறிது பிராந்தி ஆகியவற்றின் கலவையே இன்றைய 'மின்ஸ்மீட்'. அதைச் சிறு மாக்கிண்ணங்களில் இட்டு மூடிச் சுட்டால் கிறிஸ்மஸ் காலத்து 'மின்ஸ் பை'. முற்காலத்தில் அதில் இறைச்சியும் மெய்யாகவே சேர்ந்திருந்தது. 1861இல் வெளியான பீட்டன் அம்மையாரின் புகழ்பெற்ற இல்லற நூலில் மாட்டிறைச்சி சேர்த்த செய்முறை ஒன்றும், சேராத செய்முறை ஒன்றும் அடுத்தடுத்து உள்ளன. இறைச்சி மெல்ல மெல்ல விடைபெற்றது. பெயர் மட்டும் வீட்டைக் காலி செய்ய மறுத்துவிட்டது. 1647இல் தூய்மைவாதிகளின் நாடாளுமன்றம் கிறிஸ்மஸ் விழாவையே நீக்கியபோதும் இப்பண்டம் மறையவில்லை.

பழைய ஆங்கிலத்தில் 'மீட்' என்றால் உணவு என்றே பொருள். இறைச்சி என்ற குறுகிய பொருள் பிற்பாடு வந்தது. 1611ஆம் ஆண்டின் ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் லேவியர் நூலின் 2ஆம் அதிகாரத்தைப் பார்ப்பவர் திகைத்துப்போவர். மாவும் எண்ணெயும் சாம்பிராணியும் கொண்டு செலுத்தும் காணிக்கைக்கு அங்கே 'மீட்' காணிக்கை என்று பெயர். அதில் ஓர் அணுவளவும் இறைச்சி இல்லை. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர் அதனைப் 'போஜனபலி' என்று எழுதித் தப்பித்தனர்.

அட்லாண்டிக் கடலைக் கடந்தால் 'ஹாம்பர்கர்'. 'ஹாம்' என்றால் பன்றித்தொடை. அப்பண்டத்தில் பன்றி இல்லை. ஹாம்பர்க் என்னும் செருமானியத் துறைமுகத்தின் பெயரிலிருந்து வந்தது அது. முதல் உலகப் போரின்போது செருமானியப் பெயர் ஆகாது என்று சிலர் அதனை 'விடுதலை' ரொட்டி என்று மாற்றியும் பார்த்தனர், நிலைக்கவில்லை. 'சாலிஸ்பரி ஸ்டேக்' என்ற இன்னொன்றும் உண்டு. ஸ்டேக் என்பது தடித்த இறைச்சித் துண்டு; இதுவோ அரைத்துத் தட்டியது. 123 மீட்டர் உயரக் கோபுரத்தோடு நிற்கும் பேராலயத்தைக் கொண்ட இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகருக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஜேம்ஸ் சாலிஸ்பரி (1823–1905) என்னும் அமெரிக்க மருத்துவர், அரைத்த மாட்டிறைச்சியை நாளுக்கு மூன்று வேளை உண்டால் வயிற்று நோய்கள் நீங்கும் என்று நம்பியவர். அவர் பெயர் அது. வட இங்கிலாந்திலோ பன்றியின் ஈரலையும் பிற உள்ளுறுப்புகளையும் கொத்தி உருட்டிச் சுட்டதற்கு 'உவர்ப்பு வாத்து' என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. வாத்து அப்பக்கமே வந்ததில்லை.

ஆங்கிலேயரை நகைப்பதற்கு நமக்கு மட்டும் தகுதி உண்டா? இங்கிலாந்தில் 'கட்லெட்' என்றால் விலா எலும்போடு கூடிய ஆட்டிறைச்சித் துண்டு. நம் ஊரில் அது மசித்துப் பொரித்த வடை போன்ற ஒன்று. காய்கறிக் கட்லெட்டுக்கு விலாவும் இல்லை, எலும்பும் இல்லை. அவர்களுக்கு 'மட்டன்' செம்மறியாடு; நமக்குப் பெரும்பாலும் வெள்ளாடு. இவற்றையெல்லாம் விடுவோம். 'கறி' என்னும் நம் சொந்தச் சொல்லே இருக்கிறதே! தமிழ்நாட்டில் கறி எடுத்தோம் என்றால் இறைச்சி வாங்கினோம் என்று பொருள். ஈழத்தமிழர் வீட்டிலோ பருப்பும் கறி, கத்தரிக்காயும் கறி. ஒரு வெள்ளிக்கிழமை ஈழத்தவர் இல்லம் ஒன்றில், "மூண்டு கறி வைச்சிருக்கிறம், சுவாமி, சாப்பிட வாங்கோ" என்று அழைத்தபோது கணநேரம் நாம் விழித்தோம். மூன்றும் மரக்கறி.

இவை நகைத்துவிட்டுப் போகும் செய்திகளே. ஆனால் கொத்திய இறைச்சிக்கும் மற்ற உணவுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. முழு மீனை எந்தப் பெயரிட்டு அழைத்தாலும் அது மீன் என்று தலையும் வாலும் சாட்சி சொல்லும். கோழித்தொடை தானே தன்னை அறிவித்துவிடும். பொறியில் புகுந்து வெளிவந்த இறைச்சிக்கு அத்தகைய சாட்சி யாதுமில்லை. நாம் அங்கிருந்த குளிர்காலத்திலேயே இது உலகறிய வெளிப்பட்டது. 2013 ஜனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம், மாட்டிறைச்சி என்று பெயரிட்டு விற்ற 27 வகை பர்கர்களைச் சோதித்ததன் முடிவை வெளியிட்டது. பத்தில் குதிரையின் மரபணு இருந்தது. 23இல் பன்றியின் மரபணு இருந்தது. அடுத்த மாதம், மாட்டிறைச்சி என்று எழுதிய உறைநிலை உணவுகள் சில முழுக்க முழுக்கக் குதிரையாகவே இருந்தமை தெரியவந்தது. குதிரை உண்டதால் எவருக்கும் நோய் வரவில்லை. ஆயினும் நாடே கொதித்தது. சமையலறை அம்மையார் தம் இரும்புப் பொறியைக் காட்டி, இதற்குள் போவதை நான் என் கையால் போடுகிறேன் என்று பெருமிதத்தோடு கூறினார்.

அந்த இலையுதிர் காலத்தில் நாம் மருத்துவமனையில் சந்திக்கச் சென்ற ஒரு மூதாட்டியைப் பற்றி இங்கே கூறவேண்டும். யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியைச் சேர்ந்தவர். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார். சைவக் குடும்பத்தில் பிறந்து, திருமணத்தின்போது திருமுழுக்குப் பெற்றவர்; செபமாலை தவறாதவர். எல்லா உணவும் கொள்வார். மாட்டிறைச்சியை மட்டும் தொடமாட்டார். அம்மருத்துவமனையில் மறுநாளுக்கான உணவை முந்தின நாளே ஓர் அட்டையில் குறித்துக் கொடுக்கவேண்டும். அட்டையில் பெயர்களே இருக்கும். ஷெப்பர்ட் என்றால் ஆடு மேய்ப்பவர்தானே என்று பள்ளியில் படிக்கும் பேத்தி அதனைக் குறித்துக் கொடுத்திருந்தாள். நாம் சென்றபோது தட்டு வந்து சிறிது நேரம் ஆகியிருந்தது. கரண்டி தொடாமல் கிடந்தது.

"சுவாமி, ஆடு எண்டு பேத்தி சொன்னவ. ஆனா ஆட்டு மணம் இல்லை. ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ" என்றார்.

பரிமாறிய பெண்ணிடம் கேட்டோம். "மின்ஸ், ஃபாதர்" என்றார். எதன் 'மின்ஸ்' என்று மீண்டும் கேட்டோம். "சாதாரண மின்ஸ்தான்" என்று புன்னகையோடு விடையளித்தார். அவர் எதையும் மறைக்கவில்லை. தம் மொழியில் முழு உண்மையையே கூறினார். நாம் வற்புறுத்தவே, சமையற்கூடத்துக்குத் தொலைபேசியில் பேசினார். மாட்டிறைச்சி என்று விடை வந்தது. தட்டு திரும்பிச் சென்றது. ரொட்டியும் தக்காளிச் சூப்பும் வந்தன. படுக்கையின் மேலுள்ள பலகையில், இவருக்கு மாட்டிறைச்சி வேண்டாம் என்று செவிலியர் ஒருவர் பெரிய எழுத்தில் எழுதி வைத்தார்.

மாலையில் மகள் வந்தார். வேலை முடிந்து களைப்போடு வந்தவர். செய்தியைக் கேட்டு அலுத்துக்கொண்டார். "வேதத்தில தடை ஒண்டும் இல்லைத்தானே, சுவாமி. நீங்கள் சொன்னால் அம்மா கேப்பா" என்றார். தடை இல்லை என்பது உண்மை. ஆனால் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 14ஆம் அதிகாரத்தைக் கற்றவர், உண்பவருக்காக உண்ணாதவரை வற்புறுத்தத் துணியமாட்டார். நாம் ஒன்றும் சொல்லவில்லை. மூதாட்டிதான் பேசினார்.

"வீட்டில ஒரு பசு நிண்டது, சுவாமி. அதின்ர பாலிலதான் நாலு பிள்ளையளும் வளந்ததுகள். இடம்பெயரேக்க கொண்டு வர ஏலாது. கயித்தை அவிட்டு விட்டிட்டு வந்தனான். அது கொஞ்சத்தூரம் பின்னால வந்தது."

1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் புறப்பட்டுச் சென்ற இடப்பெயர்வை அவர் குறிப்பிட்டார். மகள் சாளரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரும் அந்நாலு பிள்ளைகளுள் ஒருவர்.

டிசம்பருக்குள் மூதாட்டி கைத்தடியோடு நடக்கத் தொடங்கினார். திருவருகைக் கால வெள்ளிக்கிழமை ஒன்றில், பங்கு மண்டபத்தில் மாலை வழிபாட்டுக்குப் பின் தேநீரும் 'மின்ஸ் பை'யும் வைத்திருந்தனர். மருத்துவமனையில் கற்ற பாடத்தால் 'மின்ஸ்' என்ற சொல் காதில் விழுந்ததுமே அவர் கையை இழுத்துக்கொண்டார். பை சுட்டுக் கொணர்ந்திருந்த ஆங்கிலேயப் பெண்மணி, இதில் இறைச்சியே இல்லை என்று அன்போடு வற்புறுத்தினார். அதுவும் உண்மையே. ஆனால் 'மின்ஸ்மீட்'டில் 'சூயட்' என்ற கொழுப்பைச் சேர்ப்பது மரபு. மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கெட்டிக் கொழுப்பு அது. கடைகளில் தாவரக் கொழுப்பால் ஆக்கிய மாற்றும் கிடைக்கிறது. எதைச் சேர்த்தீர்கள் என்று கேட்டோம். கசாப்புக் கடையில் வாங்கிய நல்ல சூயட், என் தாயார் செய்த முறை என்று அவர் பெருமையாகக் கூறினார்.

அருகில் நின்ற பங்கு மக்கள் சிலருக்கு வேறொரு கவலை பிறந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் ஆயர்கள் 2011 செப்டம்பரிலிருந்து வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனத்தை மீண்டும் கட்டாயமாக்கியிருந்தனர். மாட்டுக் கொழுப்பு சுத்தபோசனத்துக்கு ஆகுமா என்று கேட்டனர். ஆகும். 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பே இறைச்சியையும் இறைச்சிச் சாற்றையும் விலக்கி, சமையலில் சேரும் விலங்குக் கொழுப்பை அனுமதித்தது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1966இல் வெளியிட்ட ஒழுங்கும் அதனை மாற்றவில்லை. இதனைக் கூறியதும் அவர்கள் மகிழ்ச்சியோடு ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டனர். மூதாட்டி கேட்டதோ சட்டத்தை அன்று. சூயட் என்றால் என்னவென்று அவருக்குத் தமிழில் விளக்கினோம். "அப்ப எனக்கு ஒரு தோடம்பழம் காணும், சுவாமி" என்றார்.

அந்தப் பெண்மணி மனம் வருந்தினாரோ என்று எண்ணினோம். அவர் ஒன்றும் பேசாமல், நாம் மூதாட்டிக்கு என்ன விளக்கம் கூறினோம் என்று கேட்டறிந்துகொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு தட்டுகள் வந்தன. ஒன்றில் வழக்கமான பை. மற்றதில் இருந்தவற்றின் மேல்மாவில் கத்தியால் இரண்டு கோடுகள் கீறியிருந்தன. கீறியது தாவரக் கொழுப்பு என்று பெண்மணி கூறினார். பொட்டலத்தின் மேலுறையையும் மறவாமல் கைப்பையில் கொண்டுவந்திருந்தார். அதனை வாங்கி முழுவதும் படித்துச் சொன்னோம். மூதாட்டி ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுவிட்டு, கோடு கீறியதில் இரண்டு எடுத்துக்கொண்டார். ஒன்று மகளுக்கு என்றார்.